சுவருக்கா, மனுசனுக்கா?

மூலம் ஒண்ணுதான், உரைதான் பல. தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு இது புதிதில்லை. காஞ்சிபுரத்துக்காரர் என்று சொல்லப்படும் பரிமேலழகர் அறம் எது என்று சொல்ல மனுவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். குறளில் மனு இல்லை, உரையில் வந்து உட்கார்ந்துகொண்டான். அரசியல் சட்டமும் அப்படித்தான். அந்தரங்க உரிமை என்ற சொல் அதில் எங்கும் இல்லை. 21ஆம் பிரிவு உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. மிச்சமெல்லாம் நீதிபதிகள் எழுதிய உரை.

1954இல் எம்.பி.சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் ஓர் உரை சொன்னார்கள். சோதனைக்கு எதிரான பாதுகாப்பை, அமெரிக்காவில் இருப்பதுபோல, நம் சட்டத்தை ஆக்கியவர்கள் வைக்கவில்லை. நாங்கள் இழுத்துவந்து வைக்க முடியாது என்றார்கள். ஆக்கியோன் கருத்தாம். எந்த ஆக்கியோன்? அம்பேத்கர் 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' வரைவில் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. 1948 டிசம்பரில் காஸி சையத் கரிமுத்தீன் அதே பொருளில் திருத்தம் கொண்டுவந்தபோது ஏற்கத் தயார் என்று அரசியல் நிர்ணய சபையில் சொன்னவரும் அவரே. சபைதான் தோற்கடித்தது. இந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. எட்டுப் பேரும் மௌனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது 1962இன் கரக்சிங் வழக்கு. கொள்ளை வழக்கில் பிடித்து, சாட்சியம் இல்லை என்று விடப்பட்டவர். விட்ட பிறகும் உத்தரப்பிரதேச போலீஸ் அவர் பேரில் ஏடு திறந்து வைத்து, ராத்திரியில் போய்க் கதவைத் தட்டியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ராஜகோபால ஐயங்கார். மாறுபட்டவர் சுப்பா ராவ். ரெண்டு பேருமே சென்னை உயர்நீதிமன்றத்தில் இருந்துவிட்டு தில்லிக்குப் போனவர்கள்.

ஐயங்கார், ஒருவனுக்கு அவன் வீடு கோட்டை என்ற இங்கிலாந்துக்காரன் வழக்கைப் பிடித்துக்கொண்டார். அதனால் ராத்திரி தட்டுவது கூடாது. ஆனால் வெளியே போகிறவனைப் போலீஸ் கண்காணிக்கலாம், அந்தரங்கம் அடிப்படை உரிமை இல்லை என்றார். சுப்பா ராவோ கதவைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார். போலீஸ் கண் மேலேயே இருக்கும்போது நடக்கிறவன் சுதந்திரமாக நடக்கவில்லை, அவனுக்கு நாடே ஜெயில்தான் என்றார். ஷாவும் அவரோடு சேர்ந்தார். மற்ற மூணு பேரும் ஐயங்கார் பக்கம்.

கோட்டை என்பது யாருக்கு? எங்க பக்கம் எங்கேயாவது களவு போனால் முதலில் டார்ச் அடிப்பது இருளர் குடிசையில்தான். அங்கே தட்டுவதற்குக் கதவு ஏது, படல்தானே! இதே உத்திரமேரூர்க் கல்வெட்டை ஜனநாயகம்னு எல்லாரும் கொண்டாடுகிறார்கள். பராந்தகன் காலத்து அந்தக் குடவோலையில் பேர் போடச் சொந்த மனையில் வீடு இருக்கணும், வேதம் தெரிந்திருக்கணும். வீட்டை வைத்து ஆளை அளப்பது நமக்குப் பழசு.

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமுகமாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 1954இன் உரையும் போச்சு, 1962இல் அந்தரங்கத்தை மறுத்த பகுதியும் போச்சு. தோற்ற சுப்பா ராவின் வாசிப்பு 55 வருசம் கழித்து ஜெயித்தது. அந்தரங்கம் இடத்தை அல்ல, மனிதரை ஒட்டியது, அதன் வேர் மானம் என்பது அந்தத் தீர்ப்பில் நமக்கு உதவும் இடம்.

அப்புறமும் சுவர் திரும்பி வந்தது. திருச்சி மாவட்டத்தில் ஒரு வருவாய் ஆய்வாளர், அலுவலக அறையில் வைத்துத் தன்னைச் சாதி சொல்லித் திட்டியதாகப் புகார் கொடுத்தார். வன்கொடுமைச் சட்டத்தின்படி அது பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்கணும். நாலு சுவருக்குள் நடந்தது, சக ஊழியர்கள் பிறகுதான் வந்தார்கள் என்று 2025 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அமர்வில் பி.ஆர்.கவாய், அகஸ்டின் ஜார்ஜ் மசீஹ். கவாய் அம்பேத்கரியக் குடும்பத்திலிருந்து வந்தவர். ஆகவே பிறப்பைச் சொல்லி இதை விளக்க முடியாது, வாசிக்கிற முறையைத்தான் கேட்கணும். அங்கே யார் நின்றார்கள் என்று எண்ணினார்கள். ஊர் சனம் பட்டாவுக்காக வந்துபோகிற சர்க்கார் அறை எப்படி நாலு சுவர் ஆகும் என்று கேட்கவில்லை. திட்டுப்பட்டவரின் மானம் சுவருக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று மாறுமா? சட்டத்தின் சொல் அப்படி இருக்கிறதே என்பார்கள். சொல் அப்படியே இருந்த 21ஆம் பிரிவில்தானே 2017இல் அவ்வளவு பொருள் கண்டார்கள்.

இப்போதைக்கு ஆபீஸ் வேலையில் இருக்கிற நம்ம பிள்ளைகளிடம், எவனாவது மேசைக்கு எதிரே வந்து சத்தம் போட ஆரம்பித்தால் உடனே கதவைத் திறந்து வை, பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.