முத்துசாமி ஐயரின் சம்பளம்

மாதம் ஒரு ரூபாய்க்குக் கிராமக் கணக்கரிடம் வேலை பார்த்த பையன், தெருவிளக்கில் படித்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார். டி. முத்துசாமி ஐயர் என்றாலே நமக்குச் சொல்லப்படும் கதை இதுதான். நல்ல கதை, மறுக்கலை. ஆனா 1878-இல் அவர் நியமனம் கிளப்பிய சண்டையில் சம்பளமும் இருந்தது. அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

வெள்ளைக்காரர் நடத்திய ‘மெட்ராஸ் மெயில்’, ஐரோப்பியர் வாங்கும் சம்பளத்தைச் சுதேசி அதிகாரிக்குத் தரக்கூடாது என்று வாதாடியது. இந்த எதிர்ப்புக்குப் பதில் சொல்லத்தான் ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார் முதலிய ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, அந்த வருடம் செப்டம்பர் 20-ஆம் தேதி ‘தி ஹிந்து’வை 80 பிரதி அச்சடித்தார்கள்.

மெயிலின் வாதம் தந்திரமானது. ஒருவரின் தகுதியை மறுக்கவே வேண்டாம். நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கூலியைக் குறைத்தால் போதும். பின்னாளில் ஐரோப்பிய அதிகாரிகளுக்கு ‘வெளிநாட்டுப் படி’ என்று தனித் தொகையே வந்தது. 1924-இல் லீ கமிஷன் அதைக் கூட்டச் சொன்னது.

இதெல்லாம் பழங்கதையா? 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய்; மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. அதே வகுப்பு, அதே பாடம். ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தார்கள். தெருவிளக்கை மட்டும் சொல்லி முடித்தால், அவர்கள் கேட்ட கேள்விக்கு இங்கே எவ்வளவு வயசு என்பது தெரியாமலே போய்விடும்.