ஓட்டமும் நடையும்

கிளப் என்ற வார்த்தை தமிழில் பல அவதாரம் எடுத்திருக்கிறது. முதலில் காபி கிளப்பாக வந்து இட்லியும் காபியும் கொடுத்தது. அப்புறம் சீட்டாடுகிற இடமாயிற்று. பெரிய நகரங்களில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கிளப்புகள் வேறு இருந்தன. வேட்டி கட்டியவரை வாசலிலேயே நிறுத்துகிற வழக்கத்துக்காக 2014ஆம் வருஷம் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டமே செய்ய வேண்டியிருந்தது. நான் இங்கே எழுத வந்தது இவற்றில் எதுவும் இல்லை. இரவில் ஜனங்கள் கூடி ஆடுகிற கிளப்பைப் பற்றி. அரை இருட்டான ஒரு கூடம். ஒரு மூலையில் டி.ஜே. என்று அழைக்கப்படும் ஆசாமி. அவர் எதிரே இரண்டு இசைத்தட்டு இயந்திரங்கள். பாடகரும் இல்லை, பக்கவாத்தியமும் இல்லை. மின்கருவிகளில் பிறந்த தாளம் இடைவிடாமல் அடித்துக் கொண்டிருக்க, கூடம் முழுவதும் ஆடுகிறது.

இந்த விவகாரம் நமக்கு எதற்கு என்று வத்திராயிருப்பு வாசகர் கேட்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பிளவக்கல் அணைக்குப் போய்ப் பார்க்கட்டும். மேற்கே மலை, கீழே தண்ணீர், நடுவே உல்லாசப் பயணம் வந்த வேன்கள். வேனின் கதவைத் திறந்து வைத்துப் பையன்கள் ஆடுகிறார்களே, அந்தத் தாளம் கிளப் கூடத்தில் பிறந்ததுதான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து அம்மன் கோயில் பொங்கலிலும் ஆள் உயரப் பெட்டிகளை அடுக்கி அதே தாளத்தைத்தான் போடுகிறார்கள். கூடம் நம் ஊருக்கு வரவில்லை; தாளம் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது. அப்படித் தனியாக வந்ததில்தான் கோளாறு என்பது என் அபிப்பிராயம்.

பெரியவர்கள் சொல்லும் புகார் வேறு. "ஒரே வேகம், காது கொள்ளவில்லை" என்கிறார்கள். முதலில் இந்த வேகத்தை விசாரித்துப் பார்ப்போம்.

கிளப் சங்கீதத்தில் வேகத்தை நிமிஷத்துக்கு இத்தனை அடி என்று எண்ணுவது வழக்கம். நிதானமாக உட்கார்ந்திருப்பவரின் நாடி நிமிஷத்துக்கு ஏறக்குறைய 72. 1970களின் டிஸ்கோ 120ஐ ஒட்டி ஓடியது. 1977ல் டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்' பாட்டுக்கு ஜார்ஜியோ மொரோடர் ஏறக்குறைய முழுவதும் சிந்தசைசரிலேயே பின்னணி அமைத்தார். அதே வருஷம் சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' என்ற கிளப் தொடங்கியது. ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே தட்டுப் போட்டார். வந்து ஆடியவர்கள் பெரும்பாலும் கறுப்பின இளைஞர்கள். அவர்களிலும் வேறு எங்கும் வரவேற்பில்லாத ஓரினக் காதலர்கள். வெளியே முகம் கொடுக்காத ஊரில் விடியும்வரை தலை நிமிர்ந்து ஆட அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. அந்தக் கிளப்பின் பெயரிலிருந்தே 'ஹவுஸ்' என்ற பாணிக்குப் பெயர் வந்தது. அதன் வேகம் 120க்கும் 130க்கும் இடையே. 1990களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்தில் அது 180ஐயும் தாண்டிப் பறந்தது. இங்கிலாந்தில் வெட்டவெளியில் இரவெல்லாம் ஆடிய கூட்டங்களைக் கலைக்க 1994ல் சட்டம் கொண்டுவந்தார்கள். எந்தச் சங்கீதத்துக்கு அந்தச் சட்டம் என்று சொல்ல வேண்டி வந்தபோது, திரும்பத் திரும்ப அடிக்கும் தாளத்தையே அடையாளமாக எழுதி வைத்தார்கள். ஒரு தாளம் இவ்வளவு பயமுறுத்தியதைச் சரித்திரத்தில் அதிகம் பார்க்க முடியாது.

வேகம் ஏறிக்கொண்டே போயிற்று என்று மட்டும் இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. 1980களின் பிற்பகுதியில் பெல்ஜியத்து டி.ஜே.க்கள் 45 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 33 சுற்றில் ஓடவிட்டார்கள். கனத்து, தயங்கி நடந்த அந்தச் சங்கீதத்துக்கு ஜனங்கள் மயங்கினார்கள். 'நியூ பீட்' என்ற பாணியே பிறந்தது. 1990களில் ஹூஸ்டன் நகரத்து டி.ஜே. ஸ்குரூ பாட்டுகளை இழுத்து இழுத்து அரைத் தூக்கத்தில் கேட்பதுபோல் ஆக்கினார். 2009ல் வாஷிங்டனில் டேவ் நாடா என்பவர் தம் உறவுக்காரப் பையனின் விருந்தில் தட்டுப் போட்டார். அங்கே இருந்த பள்ளிப் பிள்ளைகள் ரெகேடோன் என்ற லத்தீன் அமெரிக்க நடைக்குப் பழகியவர்கள். டச்சுக்காரர்களின் வேகத் தட்டு ஒன்றை அவர் 108க்கு இறக்கினார், கூடம் துள்ளியது, அதுவும் ஒரு பாணியாயிற்று. 2020ன் ஊரடங்குக்குப் பிறகு ஐரோப்பியக் கிளப்புகள் மறுபடி 140, 150 என்று ஏறிவிட்டன. அலை மாதிரி ஏறி இறங்குகிற ரசனை இது.

இந்தக் கதைகளில் பொதுவாக ஒரு விஷயம் இருக்கிறது. டெக்னிக்ஸ் கம்பெனியின் பேர்போன இசைத்தட்டு இயந்திரத்தில் வலது ஓரத்தில் ஒரு சின்ன நகர்த்துக் கட்டை உண்டு. அதை மேலும் கீழும் தள்ளினால் தட்டின் வேகம் நூற்றுக்கு எட்டுப் பங்கு கூடும், குறையும். டி.ஜே.யின் வித்தை பெரும்பாலும் அந்த விரல் நுனியில்தான். ஓடிக்கொண்டிருக்கும் தட்டோடு அடுத்த தட்டு பிசகாமல் சேர வேண்டும். கூட்டம் களைத்திருக்கிறதா, காத்திருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். ஒரு கண் தட்டின்மேல், ஒரு கண் ஆடுகிறவர்களின் காலின்மேல். டேவ் நாடா அன்றைக்குப் பார்த்தது அந்தப் பிள்ளைகளின் காலைத்தான். நம் வித்வான்கள் காலப்பிரமாணம் என்று சொல்வதை அவர் வேறு கருவியில் செய்தார்.

இயந்திரத் தாளம் ஒரே மாதிரி அடிப்பதால் அதில் ரசிக்க ஒன்றுமில்லை என்பவர்களுக்கு நம் நாட்டு உதாரணம் ஒன்று சொல்லலாம். பம்பாய் சினிமா ஸ்டூடியோக்களில் வாத்தியம் வாசித்த சரண்ஜித் சிங் 1982ல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பத்து ராகங்கள், டிஸ்கோ தாளத்தில். ரோலண்ட் கம்பெனியின் தாளப் பெட்டியையும், 303 என்ற பாஸ் பெட்டியையும், ஒரு சிந்தசைசரையும் வைத்துக்கொண்டு யமனையும் மால்கௌன்ஸையும் வாசித்தார். அப்போது அதை யாரும் சட்டை செய்யவில்லை. அதே 303 பெட்டியின் முனகலை வைத்து ஐந்து வருஷம் கழித்து, 1987ல், சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' என்று புகழ் பெற்றார்கள். 2010ல் சிங்கின் தட்டு மறுபதிப்பு வந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அவர் 2015ல் காலமானார்.

அந்தத் தட்டை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். தம்புராவில் சுருதி அசையாமல் நிற்பது போல அதில் தாளம் அசையாமல் நிற்கிறது. தாளம் நிலையாக நின்றுவிடுவதால் காது மேலே நடக்கிற சின்னச் சின்ன மாறுதல்களுக்குத் தானாகவே திரும்பிவிடுகிறது. ஒரே அடி என்று குறை சொல்கிறவர்கள் தம்புராவையும் ஒரே சுருதி என்று குறை சொல்ல வேண்டியிருக்கும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. ராகம் வளர்வதற்குள் ஒவ்வொரு துண்டும் சில நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. ஆரம்பித்த வேகத்திலேயே முடிகிறது. நடந்து பிறகு ஓடுவதன் சுகம் அதில் இல்லை.

அந்தச் சுகம் நமக்குப் பழக்கமானது. சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பீர நாட்டையில் கம்பீரமாகத் தொடங்கி, அதே அமைப்பை மூன்று காலத்திலும் வாசிப்பார்கள். பல்லக்குத் தூக்குகிறவர்களின் அடியோடு அது சேர்ந்து போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அரையர் சேவை நடக்கும்போது கையில் இருக்கும் தாளத்தைத் தவிர வேறு வாத்தியமில்லை. பாட்டும் அபிநயமும் அதன் நடையிலேயே போகின்றன. அதே ஊருக்குப் பக்கத்தில் கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளம் இதற்கு நேர் எதிர்த் துருவம். இரண்டு நாயனம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம். ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் தெரு அதிரும். ஆனாலும் அதுவும் நடையில் தொடங்கித்தான் ஓட்டத்துக்குப் போகும்.

வேகத்தைப் பற்றிய புகாரும் நமக்குப் புதிதில்லை. மணிக்கணக்கில் பல்லவி பாடிய காலம் போய், அரியக்குடி ராமானுஜய்யங்கார் மத்தியம காலத்தில் பல கிருதிகளை விறுவிறுப்பாகப் பாடிக் கச்சேரியை அமைத்தபோது பழமைப் பிரியர்கள் முணுமுணுத்தார்கள். இன்று அதுதான் சம்பிரதாயம். சபாவில் உட்கார்ந்து அரியக்குடி பாணியைக் கொண்டாடும் நம்மவர்கள், தெருவில் குத்துப் பாட்டுக் கேட்டதும் மூக்கைப் பிடித்துக் கொள்கிறார்கள். காரணம் வேகம் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். அந்தத் தாளம் பறையிலிருந்தும் உறுமியிலிருந்தும் வந்தது. அவற்றை அடித்தவர்களைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திய சமூகத்தின் காது இன்னும் முழுவதும் திறக்கவில்லை. 'புன்னகை மன்னன்' (1986) படத்தில் இளையராஜா கணினியோடு இணைந்த சிந்தசைசரைப் பயன்படுத்தியபோதும், 'காதலன்' (1994) படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் ஆட வைத்தபோதும் நாகரிகம் என்று ஏற்றுக்கொண்டோம். 'காதலில் விழுந்தேன்' (2008) படத்தில் விஜய் ஆண்டனி தெருவின் தாளத்தைத் தெருவின் குரலோடு கொடுத்த 'நாக்க முக்க' பாட்டைத்தான் கலாசார வீழ்ச்சி என்றோம். என்னைக் கேட்டால் அந்தப் பாட்டுக்கு அந்த வேகம் நியாயம். அதில் ஆடுகிறவனின் கால் இருக்கிறது.

கோயில் பொங்கலில் பெட்டி அடுக்கும் விஷயத்துக்கு இப்போது வருகிறேன். கரகம் ஆடுகிற பெண் தலையில் குடத்தோடு வளைந்து, தரையில் கிடக்கும் ரூபாய் நோட்டை எடுக்கப் போகிறாள் என்று வையுங்கள். தவில்காரர் அவளை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. அவள் குனியும்போது அடி அடங்குகிறது, நிமிரும்போது வெடிக்கிறது. கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' கதையைத் தொடராகவோ, 1968ல் வந்த படமாகவோ ரசித்தவர்களுக்கு இந்த உறவு புரியும். வாத்தியத்துக்கும் காலுக்கும் நடுவே ஒரு வாக்குவாதம், அதற்குள்ளேயே ஒரு காதல். ஸ்பீக்கர் பெட்டியின் கதை என்ன? ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். எங்கேயோ யாரோ ஏற்கெனவே கலந்து வைத்த ஒரு மணி நேரப் பாட்டை அழுத்திவிட்டு அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எதிரே ஆடுகிறவர்கள் களைத்தாலும் சரி, விழுந்தாலும் சரி, தாளம் தன் பாட்டுக்கு ஓடுகிறது. சிகாகோவின் டி.ஜே.யும் நம் தவில்காரரும் இந்தப் பையனைவிட ஒருவருக்கொருவர் நெருங்கிய உறவு. கிளப்பின் சத்தத்தை இறக்குமதி செய்துகொண்டு அதன் கண்களை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

பையனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மேளம் என்றால் ஏழெட்டுப் பேருக்குச் சம்பளம், சாப்பாடு, வண்டிச் சத்தம். பெட்டி என்றால் ஒரு வேன், இரண்டு ஆள். கமிட்டிக்காரர்கள் கணக்குப் பார்க்கத்தான் செய்வார்கள். அதோடு 2000ஆம் வருஷத்து விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். நோயாளிகளையும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளையும் நினைத்தால் நல்ல விதிதான். ஆனால் விடிய விடிய நடந்த கலை, எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடிய வேண்டியிருக்கிறது. சாவகாசமான ஆரம்பத்துக்கு நேரம் ஏது? ஓட்டத்திலேயே ஆரம்பிக்கிறார்கள். கைப்பேசியில் அரை நிமிஷத் துண்டாகப் பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது வித்தியாசமாகவும் தெரிவதில்லை. அதே பாட்டை வேகம் கூட்டி ஒரு பதிப்பு, வேகம் குறைத்து ஒரு பதிப்பு என்று அதிலேயே கிடைக்கிறது. இரண்டில் எது வேண்டுமானாலும் வாங்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழிதான் அதில் கிடைப்பதில்லை.

கதை எழுதுகிறவனுக்கு இதில் அக்கறை வரக் காரணம் உண்டு. முதல் வரியிலேயே கொலை நடக்க வேண்டும் என்று எங்களையும் கேட்கிறார்கள். கொலை நடக்கலாம், செத்தவன் யார் என்று வாசகருக்குத் தெரிந்திருந்தால்தான் துக்கம் வரும். மேளத்தின் முதல் அரை மணி செய்வது அந்த அறிமுகத்தைத்தான்.

பெட்டியைத் தடை செய்யச் சொல்ல நான் வரவில்லை; பையன்கள் ஆடட்டும். விழாக் கமிட்டிகளுக்கு இரண்டு யோசனை மட்டும் சொல்வேன். முதல் ஒரு மணி நேரத்தை மேளக்காரர்களுக்குக் கொடுங்கள். அதற்கான பணத்தைப் பெட்டியில் நாலைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாம். பிறகு பெட்டிக்காரப் பையனை ஜெனரேட்டரின் பின்னாலிருந்து எழுப்பி, ஆடுகிறவர்களுக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். கொஞ்ச நாளில் அவன் தானாகவே காலைப் பார்க்கத் தொடங்குவான்.