சக்தி உதவாத இடம்

சூப்பர் ஹீரோ தொடர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சண்டைக்காட்சியிலும், உடை காமிக்ஸில் உள்ளபடி இருக்கிறதா என்பதிலுமே நின்றுவிடுகிறது. எழுத்தை எடைபோட நான் பார்ப்பது வேறோர் இடத்தை. நாயகனின் சக்தி எதற்கும் உதவாத நெருக்கடியில் அவனை எழுத்தாளர் நிறுத்துகிறாரா? அங்கே எடுக்கும் முடிவுக்கு அவன் விலை கொடுக்கிறானா?

வில்லனையும் இதே கவனத்தோடு எழுதலாம். 1992இல் தொடங்கிய ‘பேட்மேன்’ அனிமேஷன் தொடர் சிறுவர்களுக்காக எடுக்கப்பட்டது. அதில் பால் டினி எழுதிய ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ எபிசோட், பனித் துப்பாக்கி ஏந்திய சாதாரண வில்லனான மிஸ்டர் ஃப்ரீஸை, நோயுற்ற மனைவியை உறைநிலையில் வைத்துக் காப்பாற்றப் போராடிய விஞ்ஞானியாக மாற்றியது. காமிக்ஸும் பிறகு அந்தக் கதையையே ஏற்றுக்கொண்டது.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் இருபதுக்கு மேற்பட்ட எபிசோட் கொண்ட சீசன்கள் பாத்திரங்களை நிறையவே பாழாக்கியிருக்கின்றன. இழுத்தடிக்க ஒரு ரகசியம் வேண்டும். அதற்காக அறிவுள்ளவர்களும் கண்ணெதிரில் இருப்பதைக் காணாதவர்களாக ஆக்கப்படுவார்கள். பத்து சீசன் ஓடிய ‘ஸ்மால்வில்’ (2001–2011) இந்தக் குற்றத்தைத் திரும்பத் திரும்பச் செய்தது. ஆனால் 2006இல் வந்த அதன் நூறாவது எபிசோட் வேறு தரம். பின்னாளில் சூப்பர்மேனாகும் கிளார்க், தன் சக்தி பற்றிய உண்மையைக் காதலி லானாவிடம் சொல்லி, மணக்கச் சம்மதமும் வாங்குகிறான். அன்றே அவள் கார் விபத்தில் இறக்கிறாள். அவன் அந்த நாளைப் பின்னுக்குத் திருப்பி, இம்முறை உண்மையை மறைக்கிறான். அவள் பிழைக்கிறாள், அவனை விட்டு விலகுகிறாள். அவளுக்குப் பதிலாக அவன் அப்பாவின் உயிர் போகிறது. காலத்தைத் திருப்புவது எழுத்தாளருக்குச் சுலபமான தப்பு வழி. இங்கே அந்த வழியே தண்டனையாகிறது.

எழுத்து நுணுக்கத்துக்கு நான் முதலில் காட்டுவது 2015இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘டேர்டெவில்’ முதல் சீசனைத்தான். எல்லோரும் பயந்து பெயரைக்கூடச் சொல்லாத வில்லன் வில்சன் ஃபிஸ்க் மூன்றாவது எபிசோடின் கடைசியில்தான் முகம் காட்டுகிறான். ஓவியக்கூடம் ஒன்றில் முழுக்க வெள்ளையான ஒரு படத்தின் முன் நிற்கிறான். அது என்ன உணர்வைத் தருகிறது என்று அங்கே பணிபுரியும் வனெஸ்ஸா கேட்க, தனிமையை என்கிறான். அடுத்த எபிசோடில், அவளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குறுக்கே வந்த ஒருவனைக் கார் கதவில் வைத்துத் தலை துண்டாகும்வரை நசுக்குகிறான். அவள் முன்னால் கூனிப்போன அவமானத்துக்கான பழி அது. எட்டாவது எபிசோடில் சிறுவன் ஃபிஸ்க்கைப் பார்க்கிறோம். அப்பா அவனை வெள்ளைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லியிருக்கிறார். பின்னால் அம்மாவுக்கு அடி விழுகிறது. சுத்தியலோடு எழுகிறான். ஐந்து எபிசோடுக்கு முன்பே அந்தச் சுவரைப் படமாக மாட்டி வைத்துவிட்டு, அதுவரை ஒரு வார்த்தையும் விளக்காமல் இருந்தார்கள். அந்தப் பொறுமைதான் எழுத்து. கொலைகளை அது நியாயப்படுத்துவதும் இல்லை.

அதே ஆண்டின் ‘ஜெசிகா ஜோன்ஸ்’ இன்னும் துணிச்சலானது. அடுத்தவர் மனத்தை வாய்ச்சொல்லால் அடக்கும் கில்கிரேவ், ஜெசிகா வளர்ந்த வீட்டை வாங்கி, பழையபடியே அலங்கரித்துக் காத்திருக்கிறான். அவனைத் திருத்தி நல்லது செய்யவைக்க முடியுமா என்று அவள் முயல்கிறாள். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றவும் வைக்கிறாள். ஆனால் அவன் நல்லவனாக இருக்கவேண்டுமென்றால் வாழ்நாள் முழுதும் அவள் கூடவே இருக்கவேண்டும். காரைத் தூக்கும் கைகளுக்கு இதில் வேலையே இல்லை. பதின்மூன்று எபிசோடுக்கு இந்தக் கதை போதவில்லை என்பது உண்மை. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கொண்டு நிரப்பியது நன்றாகவே தெரிகிறது.

‘வாண்டாவிஷன்’ (2021) மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. காதலனை இழந்த துக்கத்தில் வாண்டா ஒரு ஊரையே தன் கனவுக்குள் அடைத்துவைத்த கதையை ஏழெட்டு எபிசோடுகள் அருமையாகக் கட்டினார்கள். கடைசியில் ஒரு தாய், அறைக்குள் அடைபட்ட தன் எட்டு வயது மகளை வெளியே விடும்படி கெஞ்சுகிறாள். தொடரின் மிகக் கனமான கணம் அது. எழுதியவர்களோ உடனே வானத்துச் சண்டைக்குப் போய்விட்டார்கள். அது முடிந்ததும், வாண்டா எதைத் தியாகம் செய்தாள் என்று இந்த மக்களுக்குத் தெரியப்போவதில்லை என அங்கே விசாரிக்க வந்த அதிகாரி மோனிகா அவளுக்கே ஆறுதல் சொல்கிறாள். அந்த ஊர்க்காரர்கள் முறைத்துப் பார்க்க மட்டுமே விடப்படுகிறார்கள். அந்தத் தாய்க்கும் வாண்டாவுக்கும் நடுவே ஒரு முழுக் காட்சி எழுதப்பட்டிருக்க வேண்டும்.