‘டிக்கெட் இல்லை’ என்றால் என்ன அர்த்தம்?

2018 அக்டோபர், லுப்லியானா. ஹோட்டல் அறையில் இரவு பத்து மணி. மறுநாள் சாயங்காலம் ஜாக்ரெபிலிருந்து ஊர் திரும்பும் விமானம். இரண்டு ஊருக்கும் நடுவே 140 கிலோமீட்டர்தான். ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். “டிக்கெட்தானே, போன்லயே எடுத்துக்கலாம்” என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். சாஃப்ட்வேர்காரன் அல்லவா.

முதல் தளம்: “இந்தத் தேதிக்கு டிக்கெட் இல்லை.” இரண்டாவது தளமும் அதையே சொன்னது. மூன்றாவதாக ஓர் ஆப், வியன்னா போய்ச் சுற்றி வரச் சொன்னது. மனைவி எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. பதினொன்றரைக்கு ஒரு தனியார் காருக்கு முன்பணம் கட்டிவிட்டுப் படுத்தேன். ரயிலில் எல்லை தாண்டப்போகிறோம் என்று குதித்துக்கொண்டிருந்த பையன் (அப்போது ஒன்பது வயது) அழாத குறையாகத் தூங்கினான்.

காலையில் ரயில் நிலையம் பக்கம் காபி குடிக்கப் போனோம். “அப்பா, ஒரு தடவ கவுண்டர்ல கேளேன்” என்றான். கேட்டேன். கவுண்டரில் இருந்த அம்மா மூன்று டிக்கெட்டை அச்சடித்து நீட்டினார். “இது எந்த வண்டிக்கு?” என்றேன். இன்றைக்கு ஓடும் எந்த வண்டியிலும் ஏறலாம் என்றார். மொத்தம் மூன்று நிமிடம். கட்டணம், நான் காருக்குக் கொடுத்த முன்பணத்தைவிடக் குறைவு. முன்பணம் போனது போனதுதான். ஆறு பேர் உட்காரும் அறையில் நாங்கள் மூவரும் ஒரு பாட்டியும். சாவா நதி ஜன்னலோரமாகவே கூட வந்தது. எல்லையில் டோபோவா நிலையத்தில் எஞ்சினை மாற்றினார்கள். ஸ்லோவேனியாவில் 3,000 வோல்ட் டிசி, குரோஷியாவில் 25,000 வோல்ட் ஏசி. பையனுக்கு அதை விளக்கியதில் முந்தின இரவின் மானம் கொஞ்சம் திரும்பி வந்தது.

ஆனால் அந்த “டிக்கெட் இல்லை” மட்டும் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. காலி வண்டிக்கு எப்படி டிக்கெட் இல்லாமல் போகும்?

நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழக்கமான தப்பு. பூஜ்யம் வேறு, ‘தகவல் இல்லை’ வேறு. இரண்டையும் ஒரே மாதிரி திரையில் காட்டினால் பயனர் தவறான முடிவெடுப்பார். ரயில் டிக்கெட் தளங்கள் பலவற்றில் அந்த ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் குறைந்தது நான்கு நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. இருக்கைகள் எல்லாம் விற்றுவிட்டன என்பது ஒன்று. விற்பனையே இன்னும் தொடங்கவில்லை என்பது இன்னொன்று (ஐரோப்பாவில் ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் கால அட்டவணை மாறும், அதற்கு அப்பால் உள்ள தேதிகளில் இது அடிக்கடி நேரும்). வண்டி இருக்கிறது, ஆனால் அந்த ரயில்வேயோடு இந்தத் தளத்துக்கு ஒப்பந்தம் இல்லை என்பது மூன்றாவது. அந்த டிக்கெட்டைக் கவுண்டரில் மட்டுமே தருவார்கள் என்பது நான்காவது. முதலாவது என்றால் வேறு வழி தேட வேண்டும். கடைசி இரண்டும் என்றால் பேசாமல் நிலையத்துக்கு நடந்து போனால் போதும். நாளைக்குப் பயணம் என்று இருப்பவனுக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாமே. தட்கல் பார்த்து வளர்ந்த நமக்கோ ‘இல்லை’ என்றால் தீர்ந்துவிட்டது என்று மட்டும்தான் தோன்றும். நம்மூரில் மொத்தத்துக்கும் ஒரே ரயில்வே. ஒரு திரை சொன்னால் எல்லாத் திரையும் சொன்ன மாதிரி.

நியாயமாக நடந்துகொள்ளும் தளமும் உண்டு. ஜெர்மன் ரயில்வேயின் கால அட்டவணைத் தேடலில் ஐரோப்பாவின் பெரும்பகுதி வண்டிகள் வரும். தன்னால் விற்க முடியாத வண்டியையும் அது மறைக்காது. நேரத்தைக் காட்டிவிட்டு, விலை சொல்ல இயலாது என்று எழுதிவிடும். சின்ன விஷயம்தான். அன்றிரவு எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான். பிரிட்டிஷ் ரயில்வேயில் வேலை பார்த்த மார்க் ஸ்மித் 2001-ல் தொடங்கிய ‘சீட் 61’ தளம் இன்னும் ஒரு படி மேல். எந்த வண்டிக்கு முன்பதிவு கட்டாயம், எது நிரம்பவே நிரம்பாது, எதைக் கவுண்டரில் வாங்க வேண்டும் என்றெல்லாம் உரைநடையில் எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு முதலீடு கொட்டிய தளங்களால் செய்ய முடியாததை ஒரு தனி மனிதரின் பத்திகள் செய்கின்றன. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயம்.

இதையெல்லாம் தோண்டும்போதுதான் கோளாறு திரையில் மட்டும் இல்லை என்று புரிந்தது. ‘டிக்கெட்’ என்கிற பொருளே இரண்டாகப் பிரிந்துவிட்டது.

பழைய வகை டிக்கெட் ஒரு வழித்தடத்துக்கான உரிமை. இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்கு, இன்ன வழியாக, தூரத்துக்கு ஏற்ற கட்டணம். எந்த வண்டியிலும் ஏறலாம். நான் லுப்லியானாவில் வாங்கியது அதுதான். இதில் ‘தீர்ந்துவிட்டது’ என்ற பேச்சே கிடையாது. ஆறு மாதம் முன்னால் வாங்கினாலும் ஆறு நிமிடம் முன்னால் வாங்கினாலும் ஒரே விலை. இது பல ரயில்வேக்களைத் தாண்டியும் செல்லுபடியாக வேண்டுமென்றால் வசூலைப் பங்கு பிரிக்க வேண்டும். பிரிட்டனில் அந்தக் கணக்கைப் பார்க்கவே 1842-ல் ரயில்வே கிளியரிங் ஹவுஸ் என்று ஓர் அமைப்பு உருவானது. ஒரு கம்பெனியின் நிலையத்தில் வாங்கிய டிக்கெட்டோடு மற்றக் கம்பெனிகளின் பாதையிலும் போகலாம். யாருக்கு எவ்வளவு என்பதை லண்டனில் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். கம்ப்யூட்டர் இல்லை, தொலைபேசிகூட இல்லை. நாடு விட்டு நாடு போகும் பயணிகளுக்கான ஒப்பந்த விதிகள் 1924-ல் பெர்னில் கையெழுத்தாயின. அவற்றின் வாரிசான ‘சிஐவி’ விதிகள் இன்றும் நடப்பில் உள்ளன. சர்வதேச டிக்கெட்டுகளில் அந்த மூன்றெழுத்தைப் பார்க்கலாம்.

புதிய வகை டிக்கெட் விமானத்திலிருந்து வந்தது. குறிப்பிட்ட வண்டி, குறிப்பிட்ட இருக்கை, தேவை ஏற ஏற விலையும் ஏறும். இது உவமை இல்லை, நேரடி வம்சாவளி. பிரெஞ்சு ரயில்வே 1993-ல் ‘சொக்ராத்’ என்ற முன்பதிவு அமைப்பைக் கொண்டுவந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ‘சேபர்’ மென்பொருளைத் தழுவியது அது. தொடக்கத்தில் நடந்த குளறுபடிகளுக்காகப் பேர்போனது. மென்பொருளின் பிழைகளைக் காலப்போக்கில் திருத்திவிடலாம். அதோடு ஒட்டிக்கொண்டு வந்த சிந்தனைதான் நிலைத்துவிட்டது. யூரோஸ்டார், பிரான்ஸின் டிஜிவி, ஸ்பெயினின் ஏவிஇ எல்லாமே இப்போது கட்டாய முன்பதிவு வண்டிகள்.

விமானக் கம்பெனிகளைப் பார்த்துத்தான் ரயில்வேக்கள் இதைக் கற்றன. ஆனால் பாதியைத்தான் கற்றன என்பது என் புகார். விமான உலகம் ஏறுகிற விலையை மட்டும் வைத்திருக்கவில்லை. ஒரு கம்பெனியின் டிக்கெட்டில் இன்னொரு கம்பெனியின் விமானத்திலும் பறக்கும் ஏற்பாடும் அதற்கு உண்டு. அந்தக் கணக்குத் தீர்க்க 1947-லேயே ஐயாட்டா ஒரு கிளியரிங் ஹவுஸ் அமைத்தது. முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. ரயில்வேக்களிடம் இதே ஏற்பாடு அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே இருந்தது. விமானத்திடமிருந்து விலை ஏற்றத்தை எடுத்துக்கொண்டு, கையில் இருந்த பொதுக் கணக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டார்கள். மலிவுக் கட்டண விமானக் கம்பெனிகளின் மாதிரி இது. அங்கே அந்தக் கட்டணமாவது மலிவாக இருக்கும்.

இதன் பலனை 2023 நவம்பரில் நானே அனுபவித்தேன். அலுவலக வேலையாகப் போயிருந்தேன். ஷெங்கன் விசாவின் கடைசி நாள், பாரிஸிலிருந்து இரவு விமானம். முந்தின நாள்தான் டிக்கெட் வாங்கினேன். ஒரே தளம், ஒரே கட்டணச் சீட்டு, இரண்டு வண்டி, இரண்டு ரயில்வே. முதல் வண்டி ஐம்பது நிமிடம் தாமதம். இரண்டாவது, கண்ணெதிரே இல்லை, நான் போய்ச் சேரும் முன்பே கிளம்பியிருந்தது. உதவி மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார்: “இரண்டு டிக்கெட், இரண்டு ஒப்பந்தம்.” அடுத்த வண்டிக்கு அன்றைய விலையில் புதுசாக வாங்கினேன். முதலில் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு. விமானத்தைப் பிடித்துவிட்டேன், குடியேற்ற அதிகாரி முத்திரை குத்தியபோது விசா முடிய மூன்று மணி நேரம் பாக்கி. பிடிக்காமல் போயிருந்தால் அடுத்த விசா விண்ணப்பத்தில் ‘தாமதமாக வெளியேறினீர்களா’ என்ற கேள்விக்கு ஆயுசு முழுக்க விளக்கம் எழுதிக்கொண்டிருந்திருப்பேன். ஐரோப்பிய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இது ஒரு ராத்திரிச் செலவு. நமக்கு அப்படி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஊருக்கு வந்து பார்த்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/782 ஒழுங்குமுறை 2023 ஜூன் 7 முதல் நடப்பில் உள்ளது. 60 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடத்துக்கு மேல் 50 சதவீதம் இழப்பீடு. முழுப் பயணத்துக்கும் ஒரே ஒப்பந்தமாக டிக்கெட் இருந்தால் தவறவிட்ட இணைப்பும் ரயில்வேயின் பொறுப்பு. ஆனால் அப்படி ஒரே டிக்கெட் தரும் கட்டாயம், ஒரே ரயில்வே தன் வண்டிகளை ஓடவிடும் இடத்தில் மட்டும்தான். இரண்டு ரயில்வேக்கள் சம்பந்தப்பட்டால் “நியாயமான முயற்சிகள்” எடுத்தால் போதுமாம். விற்பனைத் தளங்களுக்கு ஒரு விதி இருக்கிறது: தானாக டிக்கெட்டுகளைச் சேர்த்து விற்று, இணைப்பு தவறினால் முழுப் பணத்தோடு அதில் 75 சதவீதத்தை இழப்பீடாகவும் தர வேண்டும். படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வரியில் சாய்ந்துவிட்டேன். ‘இவை தனித்தனி ஒப்பந்தங்கள்’ என்று முன்கூட்டியே தெரிவித்திருந்தால் அந்தப் பொறுப்பு கிடையாது. என் ரசீதை எடுத்துப் பார்த்தேன். இருந்தது, சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. பல தேசிய ரயில்வேக்களுக்கு இடையே ‘பயணத் தொடர்ச்சி ஒப்பந்தம்’ என்று ஒரு தன்னார்வ ஏற்பாடு உண்டு. தனித்தனி டிக்கெட்டாகவே இருந்தாலும், தாமதத்தால் இணைப்பு போய்விட்டால், அதே ரயில்வேயின் அடுத்த வண்டியில் இடமிருந்தால் ஏற்றிக்கொள்வார்கள். தாமதத்துக்கு முதல் வண்டியின் ஊழியரிடம் சான்று வாங்கி வைத்திருக்க வேண்டும். கேட்கத் தெரிந்தவனுக்கு மட்டும் திறக்கிற கதவு. எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

2024-ல் உர்சுலா வான் டெர் லையன் இரண்டாம் முறை ஆணையத் தலைவராவதற்கு முன் வைத்த திட்டத்தில், ஐரோப்பியர்கள் ஒரே தளத்தில் ஒரே டிக்கெட்டாக வாங்க வழி செய்வோம் என்று வாக்களித்தார். அதைப் பற்றிய பேச்செல்லாம் ‘ஒரே தளம்’ பக்கமே சாய்கிறது. ஒரே தளம் கட்டுவது எங்களைப் போன்றவர்களுக்குச் சோறு போடும் வேலை, வேண்டாம் என்பேனா? ஆனால் 2023-ல் நான் வாங்கியதும் ஒரே தளத்தில்தான். உடைந்தது தளமில்லை, அதற்குப் பின்னால் இருந்த பொறுப்பு. ‘ஒரே டிக்கெட்’ என்கிற பாதியைப் பற்றித்தான் அவர்களை நெருக்க வேண்டும்.

அதுவரைக்கும் கடைசி நேரத்தில் கிளம்புகிறவர்கள் என்ன செய்வது? நான் இப்போது வரைபடத்தில் விலையைப் பார்ப்பதற்கு முன் டிக்கெட் வகையைப் பார்க்கிறேன். சுவிட்சர்லாந்தும் பெல்ஜியமும் உள்நாட்டில் பழைய வகை. எப்போது வேண்டுமானாலும் போய் வாங்கலாம். எனவே எல்லை வரை ஒரு உள்ளூர் டிக்கெட், எல்லையிலிருந்து இன்னொன்று என்று உடைத்தால் அதிவேக வண்டியின் அநியாய விலையைப் பல இடங்களில் தாண்டிவிடலாம். பாரிஸிலிருந்து அமியான் வழியாக வட்டார ரயிலில் லீல், அங்கிருந்து பெல்ஜியத்தின் கோர்ட்ரெய்க். பெர்பின்யானிலிருந்து எல்லை ஊரான போர்ட்போ, அங்கே ஸ்பெயின் வட்டார வண்டி ஏறி பார்சலோனா. எண்டாயில் பிரெஞ்சு ரயிலை விட்டு இறங்கினால் ‘டோப்போ’ என்கிற பாஸ்க் வண்டி சான் செபாஸ்டியனுக்கு அரை மணிக்கு ஒன்று. நேரம் இரட்டிப்பாகும். ஒரு வண்டி போனால் அடுத்த வண்டி. இருக்கை எண்ணே இல்லாததால் தவறவிடவும் எதுவுமில்லை. விமானம் பிடிக்க வேண்டிய நாளில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். அன்றைக்கு விலையைப் பார்க்காமல் ஒரே ஒப்பந்த டிக்கெட்.

நம் பாஸ்போர்ட்காரர்களுக்கு யூரெயில் பாஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் அதுபோல சுகம் கிடையாது. ஆனால் கட்டாய முன்பதிவு வண்டிகளில் பாஸ்காரர்களுக்குத் தனியாகக் கட்டணம் கட்டி இடம் பிடிக்க வேண்டும், யூரோஸ்டாரில் அந்த இடங்களுக்குக் கோட்டாவும் உண்டு. அது தீர்ந்துபோனால் வண்டி பாதி காலியாக இருந்தாலும் திரையில் என்ன வரும் என்று சொல்லவும் வேண்டுமா?

லுப்லியானா டிக்கெட்டைப் பையன் தன் அட்லஸுக்குள் வைத்திருக்கிறான். அதற்குப் பக்கத்தில் என் அப்பா வைத்திருந்த எழும்பூர்–தாம்பரம் அட்டை டிக்கெட் ஒன்று. பழுப்பேறிய கெட்டி அட்டை, எண் போட்டது. 1830-களில் எட்மண்ட்சன் என்கிற ஆங்கிலேய ஸ்டேஷன் குமாஸ்தா கண்டுபிடித்த வடிவம் அது. அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், அடுத்த மாதம்.