குரும்பியும் ராகியும்

பெரும்பாணாற்றுப்படையை நான் ஒழுங்காகப் படித்தது, ஒரு பீர் பாதியில் நின்றுபோனதால்தான்.

சிம்பாங் ரெங்கத்தில் என் வீட்டில் அதைப் போட முடியாது. மலேசியாவில் உரிமம் இல்லாமல் மது தயாரித்தால் குற்றம். சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்தக் குடிப்புக்கு நொதிக்க வைத்துக்கொள்ளலாம். உட்லண்ட்ஸில் இருக்கும் நண்பன் எடுத்த எடுப்பிலேயே கனத்த பீர்தான் வேண்டும் என்றான். 20 லிட்டர், தொடக்க அடர்த்தி 1.092. ஒரே ஒரு பொட்டலம் ஈஸ்ட். ஐந்தாம் நாள் 1.040-இல் நின்றுவிட்டது, அப்புறம் அசையவே இல்லை. அவ்வளவு சர்க்கரைக்குள் தூக்கிப் போட்டால் ஈஸ்ட்டின் உடம்பிலிருந்து தண்ணீரை அந்தச் சர்க்கரையே உறிஞ்சிவிடும். ஆல்கஹால் ஏற ஏற மிச்சமிருப்பதும் சோர்ந்துபோகும். இரண்டு பொட்டலம் போட்டு, ஆரம்பத்தில் நிறையக் காற்றும் கொடுத்திருக்க வேண்டும். நண்பனோ தினமும் ஒரே கேள்வி: "எத்தனை நாள்டா ஆகும்?"

அந்தக் கடுப்பில்தான் கடியலூர் உருத்திரங்கண்ணனாரிடம் போனேன். தொண்டைமான் இளந்திரையனைப் பாட வந்தவர், வழியில் வலைஞர் குடியிருப்பில் நின்று ஏழெட்டு வரிகளில் ஒரு முழுச் செய்முறையைச் சொல்லிவிடுகிறார். குற்றாத அரிசியைக் களியாகக் கிண்டி, வாயகன்ற பிழாவில் ஆறவிட வேண்டும். அதில் அடையைக் கலந்து இரண்டு பகல், இரண்டு இரவு வைக்க வேண்டும். பிறகு சாடியில் விளையவிட்டு, அரித்து, விரலால் பிழிய வேண்டும்.

இந்தப் பகுதியைப் பற்றி இரண்டு விதமான பேச்சைத்தான் இதுவரை கேட்டிருக்கிறேன். ஒன்று, மேடைப் பெருமை: 'தமிழன் அன்றே பீர் காய்ச்சினான்.' இன்னொன்று, பள்ளிக்கூட நாணம்: விருந்தோம்பல் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவது. இரண்டு பேருமே அந்த அடையைப் பார்ப்பதில்லை.

புலவர் பார்த்திருக்கிறார். அடையின் மேற்புறம் எப்படி இருக்கிறது என்பதற்கு அவர் தேடிப் பிடித்த உவமை, பாம்பு வாழும் புற்றுக்குள் இருக்கும் குரும்பி. புற்றாஞ்சோறு என்பார்களே, அது. கறையான் தன் புற்றுக்குள் பூஞ்சை வளர்க்கும் பஞ்சு போன்ற பொருள்; மேலே வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள் பூத்திருக்கும். மழைக்குப் பிறகு புற்றுக்காளான் முளைப்பது அதிலிருந்துதான்.

உரைவழியில் இந்த அடையை நெல்முளை சேர்த்த அடை என்று கொள்கிறார்கள். அது தவறு என்று சொல்ல நான் ஆளில்லை. முளைகட்டிய தானியம் மாவைச் சர்க்கரையாக்கும், பீரில் மால்ட் செய்வதும் அதே வேலை. ஆனால் முளைமாவு மட்டும் என்றால் புற்றுவரைக்கும் எதற்குப் போக வேண்டும்? எங்கள் ஊர்ச் சந்தையில் தப்பாய் செய்ய விற்கும் ராகியைப் (கேழ்வரகு இல்லை, அரிசிமாவில் செய்த வெள்ளை வில்லை) பார்த்தவர்களுக்கு எனக்கு வந்த சந்தேகம் வரும். அந்த வில்லையில் பூஞ்சையும் ஈஸ்ட்டும் சேர்ந்தே இருக்கின்றன. சோற்றில் தூவி மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் இனித்துக் குழைந்துவிடும். புலவர் சொல்வதும் பூஞ்சை பூத்த அடைதான் என்பது என் வாசிப்பு. அப்படியானால் அந்த உவமை அழகுக்குச் சொன்னதில்லை, கண்ணால் கண்டு சொன்னது. பூஞ்சை வளர்ந்த ஒன்றுக்குப் பூஞ்சை வளர்ந்த இன்னொன்றை ஒப்பாக வைத்திருக்கிறார்.

இந்த முறையில் நாங்கள் செய்த தப்புக்கு இடமே இல்லை. பூஞ்சை மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக்கும், ஈஸ்ட் அதை உடனுக்குடன் தின்றுவிடும். சர்க்கரை ஒரேயடியாகக் குவிந்து மூச்சை அடைப்பதில்லை. அரிசி மது பீரைவிட எளிதாக வீரியம் ஏறுவது இதனால்தான்.

எனக்கு இதைவிடப் பிடித்தது வேறு. முதல் கட்டத்துக்கு மட்டும்தான் பாட்டில் நாள் கணக்கு இருக்கிறது. சாடிக்குள் போனபின் எண் கிடையாது. 'வழைச்சு' போகும்வரை, அதாவது அந்த இளசுத்தன்மை தீரும்வரை. நண்பன் கேள்விக்கு இதுதான் பதில், அவனுக்குத்தான் பிடிக்கவில்லை.

இதையெல்லாம் வீட்டில் பேச முடியாது. தாத்தா தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. கள்ளில் தொடங்கிச் சம்சுவில் போய்ச் சேர்ந்தவர். எங்கள் வீட்டில் அந்த வாடையே ஆகாது, அம்மா சமையலுக்குத் தப்பாய்கூட வாங்கமாட்டார். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டங்களில் உரிமத்தோடு நடந்த கள்ளுக்கடைகளை எதிர்த்து 1947-இல் கெடாவில் தொண்டர் படை கிளம்பியது பலருக்குத் தெரியும். அப்படி ஒரு வரலாறு பின்னால் இருக்கும்போது சங்கக் கள்ளைப் பெருமையாகத் தூக்கிப் பிடிப்பது எனக்குக் கூசுகிறது. நாணப்பட்டுத் தாண்டிப் போகிறவர்களைக்கூட இந்த இடத்தில் என்னால் முழுசாகத் திட்ட முடியவில்லை.

ஆனால் அந்தப் பகுதி முடிவதைக் கொஞ்சம் கவனியுங்கள். நடந்து களைத்து வரும் பாணனுக்குச் சுட்ட மீனோடு அந்தப் பிழிவு கிடைக்கும் என்கிறார். தோட்டத்திலும் களைத்தவன்தான் குடித்தான். அங்கே அது கடை, காசு கொடுத்தால் கிடைக்கும். வலைஞர் வீட்டில் களி கிண்டி, ஆறவைத்து, நாள் பார்த்து, விரலால் பிழிந்தவர் யார் என்று புலவர் சொல்லவில்லை. யாரென்று தெரியாத அந்தக் கைகள், வழியில் வந்த ஒருவனுக்காக இவ்வளவும் செய்து வைத்திருக்கின்றன.

எங்கள் 20 லிட்டரை இன்னும் கொட்டவில்லை. போன வாரம் புது ஈஸ்ட்டைத் தனியாக வளர்த்து ஊற்றியிருக்கிறோம். நேற்று 1.034.