பந்தய வீரரை எடைபோடுவது எப்படி?

சரோஜினி நகர் மார்க்கெட்டில் தொங்கும் டி-ஷர்ட்டுகளில் ஃபெராரி, ரெட்புல் சின்னங்கள் கண்ணில் படும். அவற்றை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் பலருக்கு ஒரு செய்தி தெரிந்திருக்காது. அங்கிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசத் தடத்தில், 2011 அக்டோபர் 30 அன்று ஒரு கோயம்புத்தூர்க்காரர் ஃபார்முலா ஒன் கார் ஓட்டினார். வென்றவர் செபாஸ்டியன் வெட்டல். நம் நரேன் கார்த்திகேயனுக்குக் கிடைத்தது 17-வது இடம்.

17-வது இடத்தில் ரசிக்க என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது.

நரேன் ஓட்டியது எச்ஆர்டி அணியின் கார். களத்தில் இருந்தவற்றில் மெதுவானவற்றுள் ஒன்று. வெட்டலின் காரோடு அதை ஒப்பிடுவதில் பயனில்லை. அதே அணியின் இன்னொரு காரை ஓட்டியவர் எங்கே வந்தார் என்று பார்க்க வேண்டும். அவர் டேனியல் ரிக்கார்டோ. அந்த ஆண்டின் நடுவில் நரேனின் இடத்தைப் பெற்றவர், பின்னாளில் எட்டு ஃபார்முலா ஒன் பந்தயங்களை வென்றவர். அன்று அவருக்கு 18-வது இடம்! கார்ப் பந்தயத்தில் மனிதனையும் இயந்திரத்தையும் பிரித்துப் பார்க்க இதைவிட நேர்மையான அளவுகோல் கிடையாது.

நரேனின் வேறு இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2005-ல் இண்டியானாபொலிஸில் ஜோர்டன் காரில் அவர் நான்காவதாக வந்தார். ஏட்டில் அதுதான் அவருடைய உச்சம். ஆனால் டயர் பாதுகாப்புச் சிக்கலால் மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் தொடங்குமுன்பே விலகிவிட, அன்று ஓடியவை ஆறே கார்கள்.

மற்றது 2010 மார்ச் மாதம், அமெரிக்காவின் மார்ட்டின்ஸ்வில்லில். நாஸ்கார் எனப்படும் ஸ்டாக் கார் அமைப்பின் டிரக் பந்தயத்தில் முதன்முறையாக ஓர் இந்தியர் இறங்கினார். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத குட்டித் தடம் அது. இரண்டு நேர்ப்பாதைகள், இரண்டு இறுக்கமான வளைவுகள், அவ்வளவுதான். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் தட்டு சக்கரத்துக்குள் நெருப்பாகச் சிவக்கும். ஃபார்முலா காரைவிட இருமடங்குக்கும் மேல் எடையுள்ள வண்டியை, முன்பின் பழகாத களத்தில், இடித்துக்கொண்டே முந்துகிறவர்கள் நடுவே ஓட்டி 13-வதாக முடித்தார் நரேன். அந்த நான்காம் இடத்தைவிட இந்தப் பதின்மூன்றாம் இடமே உயர்ந்தது. அந்த ஆண்டு டிரக் பிரிவில் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மிகப் பிரபலமான ஓட்டுநரும் அவர்தான்.

நாஸ்காரின் புகழ் மண்டபம் 2010-ல் சார்லட் நகரில் திறக்கப்பட்டது. வீரர்களை எடைபோட்டு யாரைச் சேர்ப்பது என்ற வாதம் அங்கேயும் ஆண்டுதோறும் சூடுபிடிக்கும். ரிச்சர்ட் பெட்டிக்கு 200 வெற்றிகள், ஏழு பட்டங்கள். அங்கே வாதத்துக்கு இடமில்லை. மார்க் மார்ட்டின் விஷயம் வேறு. ஐந்து முறை ஆண்டுப் பட்டத்தில் இரண்டாம் இடம், ஒருமுறைகூடப் பட்டமில்லை. ஆனாலும் 2017-ல் சேர்த்தார்கள், சரியான முடிவுதான்.

வெண்டல் ஸ்காட்டின் கதை இன்னும் கனமானது. தன் காரைத் தானே பழுதுபார்த்து ஓட்டிய கறுப்பின வீரர் அவர். 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லில் வென்றும், கோப்பையை இன்னொருவரிடம் கொடுத்தார்கள். கணக்கில் பிழை என்று பல மணி நேரம் கழித்தே ஒப்புக்கொண்டார்கள். உயர்மட்டப் பிரிவில் அவருடைய ஒரே வெற்றி அதுதான். 1990-ல் அவர் இறந்தார், 2015-ல் மண்டபத்தில் இடம் கிடைத்தது, கோப்பை குடும்பத்தின் கைக்கு வந்தது 2021-ல். வெற்றிகளை மட்டும் எண்ணுகிறவருக்கு ஸ்காட் பட்டியலின் அடியில்தான் தெரிவார். அவருக்கு எதிராக எத்தனை பேர், எத்தனை வழக்கங்கள் நின்றன என்று கேட்பவருக்கே அந்த ஒன்றின் எடை புரியும்.

எஞ்சின் கட்டிய மாரிஸ் பெட்டிக்கும் அதே மண்டபத்தில் இடமுண்டு. ஸ்டியரிங் பிடித்தவரோடு ஸ்பானர் பிடித்தவருக்கும் மரியாதை!

இந்த அளவுகோலை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் முதலில் நிற்பவர் நரேன் அல்ல, கோவை எஸ். கரிவரதன். சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த நாட்களின் நாயகர். அன்று வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்ய முடிந்தவர்களே முன்வரிசையில் ஓடினார்கள். கரிவரதன் மாருதி 800-ன் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் வடிவமைத்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. எல்லோருக்கும் அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின்; முந்துவதற்குத் திறமை மட்டுமே வழி. நரேன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியதும் ஃபார்முலா மாருதியில்தான்.

1995-ல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்தியப் பந்தயத்துக்கென்று ஒரு புகழ் மண்டபம் எழுப்பினால் முதல் பெயர் கரிவரதன், இரண்டாவது நரேன். அடுத்து யார் என்பதை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ செட்டிப்பாளையத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள். அங்கே ஓட்டுநரைப் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது மெக்கானிக்குகளுக்கு ஒதுக்குங்கள்.