தோதான வேலை: யாருக்குத் தோது?

1

திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்திலிருந்து தேரடி வீதிக்கு நடந்து வருகிறவர்கள் மின்கம்பங்களில் ஒட்டியிருக்கும் அரைத்தாள் நோட்டீசுகளைப் பார்த்திருப்பார்கள். பெண்கள் மட்டும். பகுதி நேரம். வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம். கீழே ஒரு கைபேசி எண். அவ்வளவுதான். என்ன வேலை என்பது இருக்காது. யார் கொடுக்கிறார்கள் என்பதும் இருக்காது. ஆனாலும் படிக்கிறவளுக்குப் புரிந்துவிடுகிறது. பிள்ளையை விட்டுவிட்டு வரமுடியாதவளைத்தான் அது கூப்பிடுகிறது.

இந்த நோட்டீசை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்கலாம். ஒரு பிரதி எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதும் வாசிப்பின் பகுதிதானே. 'ஆண்கள் மட்டும், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீடு திரும்பிவிடலாம்' என்று ஒரு நோட்டீசை நம்மில் யாரும் பார்த்ததில்லை. எழுதினால் சிரிப்புதான் வரும். ஏன் சிரிப்பு வருகிறது என்பதிலிருந்து இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

நம் பக்கத்துப் பெண்கள் இதற்கு வைத்திருக்கிற சொல் 'தோது'. "புள்ளைங்களுக்குத் தோதா ஒரு வேலை இருந்தா சொல்லுக்கா" என்கிறார்கள். சாதாரணச் சொல்தான். ஆனால் அதன் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். வேலை பிள்ளைக்குத் தோதாக இருக்க வேண்டும் என்று வாக்கியம் சொல்கிறது. நடப்பில் வளைவது வேலை அல்ல, கேட்கிறவள். கூலியைக் குறைத்துக்கொள்கிறாள், படிப்பை மறந்துவிடுகிறாள், தூக்கத்தை வெட்டுகிறாள். கடைசியில் கிடைப்பதைத் 'தோதான வேலை' என்கிறாள், என்கிறோம்.

இதை எழுதுகிறவள் வெளியே நின்று எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எம்.ஏ. தமிழ். மகள் இரண்டாம் வகுப்பு. ஒரு கல்வி நிறுவனத்தில் நேர்காணலுக்குப் போனபோது என் ஆய்வைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. "சின்னக் குழந்தை இருக்கே, யார் பாத்துப்பாங்க?" என்பதுதான் முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும் அதுதான். என் கணவரை எந்த நேர்காணலிலும் யாரும் அதைக் கேட்டதில்லை. இப்போது வீட்டில் மெய்ப்புத் திருத்துகிறேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பக்கம் ஓடாது, பக்கம் ஓடாவிட்டால் காசு இல்லை. நான் செய்வது அறிவுழைப்பு என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலூர், குடியாத்தம் பக்கம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற பெண்ணின் கணக்கும் என் கணக்கும் ஒன்று என்று புரியக் கொஞ்சம் காலம் ஆனது.

2

தமிழ் படித்தவர்கள் எல்லோருக்கும் புறநானூற்றின் 312ஆம் பாடல் மனப்பாடம். பொன்முடியார் என்ற பெண்பாற் புலவர் பாடியது. பெற்று வளர்ப்பது தாயின் கடமை, சான்றோன் ஆக்குவது தந்தைக்கு, வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு, நன்னடை தருவது வேந்தனுக்கு, போரில் யானையை வீழ்த்தித் திரும்புவது மகனுக்கு. நாம் இதை வீரத்தின் பாடலாகவே வாசித்து வந்திருக்கிறோம். வேலைப் பங்கீட்டின் பட்டியலாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கொல்லன் வேலை வேல் வடித்ததும் முடிகிறது. மகன் வேலை யானை விழுந்ததும் முடிகிறது. வளர்க்கிறவளின் வேலைக்கு மட்டும் முடிவு நேரம் கிடையாது. பட்டியலில் முதலில் வருகிறாள், ஆனால் அவள் நேரத்தை அளக்க அங்கே கருவி இல்லை.

இ.பி. தாம்சன் 1967இல் எழுதிய நேரம், உழைப்பு ஒழுக்கம், தொழில் முதலாளியம் பற்றிய கட்டுரை நம் வட்டங்களில் அறியப்பட்டதுதான். காரியத்தை வைத்து நேரத்தை அளந்த மனிதர்கள் எப்படிக் கடிகாரத்துக்குப் பழக்கப்பட்டார்கள் என்று காட்டுவது. அதில் போகிறபோக்கில் ஓர் இடம் வருகிறது. சிறுகுழந்தைகளின் தாய் இன்னும் கடிகாரத்துக்கு முழுக்க வந்து சேராதவள், அவள் வேறுவித நேரத்துக்குக் காது கொடுக்கிறாள் என்கிறார். நுட்பமான அவதானிப்பு. ஆனால் அதைப் பழைய உலகத்தின் மிச்சமாக அவர் பார்க்கிறார் என்பதில்தான் எனக்கு முரண்பாடு. அது மிச்சம் இல்லை. ஆலைச் சங்கு ஊதும்போது ஓர் ஆண் சாப்பாட்டுத் தூக்குடன் வாசலில் நிற்க முடிந்தது என்றால், பின்னால் ஒருத்தி கடிகாரம் இல்லாமல் உழைத்ததால்தான். கடிகார நேரத்தைச் சுமப்பதே இந்தக் கடிகாரமற்ற நேரம்தான்.

இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்கு எண் கொடுத்தது. கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 88 நிமிடம். வீட்டாரைப் பராமரிப்பதில் பெண் 137, ஆண் 75. இதுவும் அந்த வேலையில் கை வைத்தவர்களுக்கு இடையிலான சராசரிதான். கை வைக்காத ஆண்கள் இந்த 88க்குள் வரவே இல்லை.

3

இந்த ஊரில் தோதான வேலை என்னென்ன? செங்கம் சாலையில் ஆசிரமங்களைச் சுற்றி, குளிர்மாதங்களில் வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்களின் வீடுகளைப் பெருக்கித் துடைப்பது. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. சீசன் முடிந்தால் வேலையும் முடிந்தது. பௌர்ணமி இரவில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கற்பூரமும் பூவும் தண்ணீர் பாட்டிலும் விற்பது. குழந்தை பக்கத்தில் சாக்கின்மேல் தூங்கும். பக்தர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். ஆரணிப் பக்கம் தறிவீடுகளில் நூல் சுற்றுவது. இவையெல்லாம் தோது. கடைத்தெருவில் துணிக்கடைக்குப் போகமுடியாது. காலையில் போனால் இரவு கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். கடை ஊழியர்கள் உட்காரவே தமிழ்நாட்டில் 2021இல் ஒரு சட்டத்திருத்தம் தேவைப்பட்டது. நாலு மணிக்கு வீட்டுக்குப் போக எத்தனை திருத்தம் வேண்டுமோ!

மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நர்சாபூர் சரிகைப் பின்னல் பெண்கள் பற்றிய நூல் இங்கே உதவும். ஆந்திரத்தின் மேற்கு கோதாவரியில் வீட்டுக்குள் உட்கார்ந்து பின்னிய பெண்களின் சரக்கு உலகச் சந்தைக்குப் போனது. ஏற்றுமதி வியாபாரிகளோ அதை ஓய்வுநேர வேலை என்றார்கள். இல்லத்தரசி சும்மா இருக்கும் நேரத்தில் செய்வது, அதற்கு எதற்கு முழுக்கூலி? மீஸ் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் 'இல்லத்தரசியாக்கம்' என்று சொல்லலாம். பெண் வீட்டில் இருப்பதால் கூலி குறையவில்லை. கூலியைக் குறைக்கவே அவள் 'வீட்டில் இருப்பவள்' ஆக்கப்படுகிறாள். நம் மின்கம்ப நோட்டீசின் 'வீட்டிலிருந்தபடியே' என்ற சொல் இந்தக் கருத்தியலின் நேர்ச்சுருக்கம்.

சட்டமும் இதே வாசலில்தான் நின்றது. 1948இன் தொழிற்சாலைகள் சட்டம் குழந்தைக் காப்பகம் கேட்டது. 2017இன் மகப்பேறு நலத் திருத்தம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்திடம் கேட்டது. எல்லாம் ஆலைக்கும் அலுவலகத்துக்கும். சாக்கில் குழந்தையைக் கிடத்திக் கற்பூரம் விற்கிறவளுக்கு முதலாளி யார்? யாரிடம் போய் காப்பகம் கேட்பாள்?

4

அரசு தருகிற தோதான வேலையைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் சிக்கல் கூடுதல். 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடிகளைக் கொண்டுவந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சத்துணவைக் கொண்டுவந்தது. இரண்டும் லட்சக்கணக்கான பெண்களுக்கு ஊரிலேயே வேலை தந்தன. அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அங்கன்வாடிப் பணியாளருக்குக் கொடுப்பதன் பெயர் சம்பளம் இல்லை, மதிப்பூதியம். குழந்தை வளர்ப்பது பெண்ணின் இயல்பு, இயல்புக்கு எதற்குச் சம்பளம் என்பதுதான் அந்தச் சொல்லின் அடியில் கிடக்கும் வாதம். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்சநீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் ஆகிவிட்டது. நாற்பத்தாறு வருஷம்.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் என் கட்டுரைக்காகவே செய்யப்பட்டதுபோல் இருக்கிறது. சமைக்க மகளிர் சுயஉதவிக்குழுப் பெண்கள். அந்தப் பெண்ணின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது தேர்வு விதிகளில் ஒன்று. தாய் சமைத்தால் சுத்தமாகச் சமைப்பாள் என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் விதியைத் திருப்பிப் பாருங்கள். தாய்மை இங்கே தகுதிச் சான்றிதழ். அந்தச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதியும் இருக்கிறது. பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனால் அம்மாவின் வேலையும் போகிறது. அவள் கற்ற தொழில், அவள் சேர்த்த அனுபவம், எதுவும் கணக்கில் இல்லை. பிள்ளையின் நேரத்தோடு இதைவிடக் கச்சிதமாகப் பொருந்தும் வேலையை யாரும் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கச்சிதம்தான் ஆபத்து.

இந்தத் தோதும் எல்லாருக்கும் இல்லை. 2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், சமைப்பவள் தாழ்த்தப்பட்டவள் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்தார்கள். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று. 'தாய்' என்ற பொதுச்சொல்லுக்குள் சாதி எப்போதும் உட்கார்ந்திருக்கிறது. எந்தத் தாயின் கை பொதுத் தாயின் கையாக ஏற்கப்படும் என்பதை ஊர்தான் தீர்மானிக்கிறது.

5

ஓர் எதிர்வாதத்தை நானே எழுப்பிக்கொள்கிறேன். பெண்கள் இந்த வேலைகளைத் தாங்களே கேட்கிறார்களே, அவர்கள் ஏமாந்தவர்களா? என் தெருவில் ஓர் அக்காவிடம் இதையெல்லாம் பேசிப் பார்த்தேன். "நீ சொல்றதெல்லாம் சரிதாம்மா. நாலு மணிக்கு எம்புள்ள வாசல்ல நிக்கும்போது நான் இருக்கணும். அது ஒனக்கு அடிமைத்தனமா தெரியுதா?" என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் நானும் அந்த நாலு மணிக்காகத்தான் மெய்ப்புத் திருத்துகிறேன்.

அவள் சொன்னதைப் பொய்யுணர்வு என்று ஒதுக்குகிற கோட்பாடு எனக்கு வேண்டாம். பிள்ளையோடு இருக்க விரும்புவது சுரண்டல் இல்லை. அந்த விருப்பத்துக்குக் கூலியில் அபராதம் போடுவதுதான் சுரண்டல். நூறு நாள் வேலையை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம், ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளோ அதற்கு மேலோ வேலையிடத்துக்கு வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவளுக்கும் கூலி கொடுக்கச் சொன்னது. பார்த்துக்கொள்வதும் வேலைதான் என்று சட்டம் ஒப்புக்கொண்ட அபூர்வமான இடம். ஊருக்குப் பக்கத்தில் வேலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. தமிழ்நாட்டில் அந்த வேலைநாட்களில் எண்பது சதவீதத்துக்கு மேல் பெண்கள் செய்தது தற்செயல் இல்லை. அதையே நம்மவர்கள் "மரத்தடியில தூங்கிட்டு வர்றாளுங்க" என்று கேலி செய்தார்கள். கூலி குறையாமல் ஒரு பெண்ணுக்குத் தோது கிடைத்தால் மட்டும் ஊருக்குப் பொறுக்கவில்லை.

1969இல் டெல்லியில் கட்டட வேலையிடத்தில் மீரா மகாதேவன் தொடங்கிய நடமாடும் காப்பகமும் இதே திசையில்தான். குழந்தைக்காக வேலையை விடு என்று அது சொல்லவில்லை. வேலையிடத்துக்குக் குழந்தை வரட்டும், பார்க்க ஆள் வரட்டும் என்றது. அங்கன்வாடி மாலை ஆறுவரை, அங்கே வேலை செய்பவளுக்கு மதிப்பூதியம் இல்லாமல் ஊதியம், பள்ளி விட்ட பிறகு இரண்டு மணிநேரம் பள்ளிக்கூடத்தையே திறந்துவைப்பது. இவை கற்பனைகள் அல்ல, கோரிக்கையாக நாம் எழுதாமல் விட்டவை.

6

கடைசியாக நம்மைப் பற்றி. நம் இலக்கியக் கூட்டங்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு. ஏழரைக்குத்தான் தொடங்கும், பத்துக்கு மேல்தான் விவாதம் சூடு பிடிக்கும், அதற்குப் பிறகு டீக்கடையில் உண்மையான விவாதம். ஒருமுறை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பின்வரிசையில் படம் வரைந்துகொண்டிருந்தவள் எட்டு மணிக்குப் பசிக்கிறது என்று அழுதாள். பெண்விடுதலை பற்றிப் பேசிக்கொண்டிருந்த தோழர் பேச்சை நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவர், "வீட்ல விட்டுட்டு வந்திருக்கலாமே" என்றார், அன்பாகத்தான். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அந்நேரம் வீட்டில் இருந்தார்கள். யாரிடம் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

சல்மா கழிப்பறைக்குள் ஒளிந்து கவிதை எழுதிய கதையை நாம் திரும்பத் திரும்ப மெய்சிலிர்த்துச் சொல்கிறோம். மெய்சிலிர்ப்பது சுலபம். கூட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு மாற்றி, பக்கத்து அறையில் பிள்ளைகளை முறைவைத்து ஆண்கள் பார்த்துக்கொள்வது சுலபம் இல்லை. அப்படிச் செய்தால் சில நல்ல உரைகளை அவர்கள் கேட்க முடியாமல் போகும். நாங்கள் எத்தனை உரைகளைக் கேட்காமல் விட்டிருக்கிறோம் என்று அப்போது ஒரு கணக்கு கிடைக்கும்.

பார்வதி தவமிருந்து சிவன் உடம்பில் இடப்பாகம் வாங்கிய ஊர் இது என்று தலபுராணம் பெருமைப்படுகிறது. அர்த்தநாரீசுவரர் வருஷத்தில் ஒருநாள், கார்த்திகை தீபத்தன்று மாலை, மலையில் தீபம் ஏறும் நேரத்தில் சில நிமிடம் வெளியே வந்து காட்சி தந்துவிட்டு உள்ளே போய்விடுவார். நம் வீடுகளிலும் இயக்கங்களிலும் சரிபாதி என்பது இப்படித்தான் நடக்கிறது. அடுத்த கூட்டம் எத்தனை மணிக்கு என்று அழைப்பிதழ் அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை எங்களைக் கேளுங்கள்.